விசா முடிய மூன்று வாரம், வசிப்பிட அட்டை இன்னும் வரவில்லை: அடுத்த நாள் என் நிலை என்ன?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வேலை விசாவில் வந்து ஓராண்டாகப் போகிறது. வசிப்பிட அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பித்து இரண்டு மாதம் ஆகியும் தானியங்கி மின்னஞ்சல் ஒன்றைத் தவிரப் பதில் இல்லை. நேரில் போனபோது பிறப்புச் சான்றிதழ் "செல்லாது" என்று காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விசா முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது. அடுத்த மாதம் தங்கையின் திருமணத்துக்கு ஊருக்குப் போயாக வேண்டும். இதற்கிடையில் ஒரு முகவர், பணம் கட்டினால் பத்தே நாளில் அட்டையை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த நாடு என்பதை மட்டும் நீங்கள் குறிப்பிடவில்லை. "அட்டையைச் சீக்கிரம் வாங்க என்ன வழி" என்று கேட்டு முடித்திருந்தாலும், உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் கேள்வி அதுவல்ல என்று நினைக்கிறேன். விசா முடிந்த மறுநாள் காலையில் நீங்கள் சட்டப்படி அந்த நாட்டில் இருப்பவரா, இல்லாதவரா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றவற்றை நிதானமாகச் செய்யலாம்.

நான் வழக்கறிஞர் அல்லேன். குடிவரவு வழக்குகளை நடத்தும் ஓர் அலுவலகத்தில் 16 ஆண்டுகளாக விண்ணப்பக் கோப்புகளைத் தயாரித்து வருகிறேன்; அதற்கு முன் நானும் உங்களைப் போல எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவன்தான். இத்தனை ஆண்டுகளில் வந்தவர்களிடம் நான் அதிகம் கண்ட தவறு, உரிமையையும் அதைக் காட்டும் காகிதத்தையும் ஒன்றென்று நினைப்பது. அட்டை என்பது பெரும்பாலும் சான்று மட்டுமே. அது அச்சாகி உறையில் வந்து சேர்வதற்கும், நீங்கள் அங்கே தங்கும் உரிமைக்கும் இடையில் பல மாத இடைவெளி இருக்கும் என்பது அரசுகளுக்கும் தெரியும். அதனால்தான் பல நாடுகளின் சட்டங்கள் அந்த இடைவெளிக்கென்றே ஒரு பாலம் கட்டி வைத்திருக்கின்றன.

பாலத்தின் பெயர்தான் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு, பழைய அனுமதி முடிவதற்கு முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும் வரை அதே அனுமதி அதே நிபந்தனைகளுடன் நீடிக்கும் என்கிறது. ஜெர்மனியின் வசிப்புச் சட்டத்தில் 81-ஆம் பிரிவு, காலாவதியாகும் முன் விண்ணப்பம் சேர்ந்துவிட்டால் பழைய அனுமதி தொடர்வதாகவே கருதுகிறது. "ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங்" என்று அதற்கு ஒரு தாளும் தருகிறார்கள். பிரான்ஸில் "ரெசெப்பிசே" எனப்படும் ஒப்புகைச் சீட்டு, இத்தாலியில் அஞ்சலகத்தில் விண்ணப்ப உறையைக் கொடுத்ததும் கிடைக்கும் ரசீது, ஆஸ்திரேலியாவில் "பிரிட்ஜிங் விசா", கனடாவில் "பேணப்படும் நிலை" எல்லாம் இதே வேலையைச் செய்பவை. எந்த விசா வகைக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதில் வேறுபாடுகள் உண்டு. உதாரணமாக, ஜெர்மனியில் குறுகிய காலச் சுற்றுலா விசாவில் வந்தவருக்கு, பழைய அனுமதி தொடர்வதாகக் கருதும் அந்தச் சலுகை கிடையாது. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான நிபந்தனை ஒன்று இருக்கிறது: விண்ணப்பம், பழைய அனுமதி உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கதை வேறாகிவிடலாம். நீங்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டீர்கள். இந்த வகை ஏற்பாடு உள்ள நாடாக இருந்தால், நீங்கள் பயப்படும் அந்த மறுநாள் காலை மற்ற நாள்களைப் போலத்தான் விடியும். அத்தகைய ஏற்பாடே இல்லாத நாடுகளும், விசா முடியும் நாளன்று வெளியேறியே ஆக வேண்டிய விசா வகைகளும் இருக்கின்றன என்பதால், "விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வசிப்பு" என்பதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்ற ஒன்றை மட்டும் இந்த வாரத்துக்குள் உறுதிசெய்துகொள்ளுங்கள். குடிவரவுத் துறையின் தளத்திலேயே அது பெரும்பாலும் இருக்கும்.

அட்டை வேறு, உரிமை வேறு என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஓர் உறுப்பு நாட்டின் குடிமக்கள் வேறோர் உறுப்பு நாட்டில் வசிக்கும் உரிமை ஒப்பந்தத்திலிருந்தே நேராகப் பிறக்கிறது, அனுமதி அட்டை அதை உருவாக்குவதில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. பிரிட்டனோ அட்டையையே எடுத்துவிட்டது. அங்கு வழங்கப்பட்டிருந்த வசிப்பிட அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31 என்ற தேதியோடு முடிந்து, உரிமை இப்போது ஓர் இணையக் கணக்கில் பதிவாக மட்டுமே இருக்கிறது. வேலை விசாவில் வந்தவரின் உரிமை ஒப்பந்தத்திலிருந்து பிறப்பதல்ல, அரசு தரும் முடிவிலிருந்து பிறப்பது. ஆகவே முதல் எடுத்துக்காட்டை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. எனினும், முடிவு வரும் வரையான இடைக்காலத்தில் உங்களைக் காப்பது அட்டையல்ல, உரிய காலத்தில் விண்ணப்பித்தீர்கள் என்ற செய்தி.

அந்தச் செய்திக்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? "தானியங்கி மின்னஞ்சல் மட்டும்தான் வந்தது" என்று சலித்துக்கொள்கிறீர்கள். உங்கள் கோப்பிலேயே இன்றைக்கு மதிப்புள்ள காகிதம் அதுதான். அதில் தேதியும் விண்ணப்ப எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அச்செடுத்து, கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். எண் இல்லையென்றால், இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், இந்தத் தேதியில் என் விசா முடிகிறது, நிலுவைக்கான சான்று வேண்டும் என்று மூன்றே வரியில் ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அலுவலகத்தின் கதையையும் உங்கள் மனக்குறையையும் அதில் எழுத வேண்டாம். கவுன்டரில் இருப்பவர் வாயால் சொல்வது எதுவும் கோப்பில் ஏறாது என்பதால், நேரில் போய் வந்த ஒவ்வொரு முறையும் அன்று மாலையே "இன்று இத்தனை மணிக்கு வந்தபோது பிறப்புச் சான்றிதழ் ஏற்கப்படவில்லை, காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுவது என் பழக்கம். பதில் வராமல் போகலாம். ஆனால் பின்னால் ஒரு நாள் நீதிபதியோ மேலதிகாரியோ கோப்பைப் புரட்டும்போது, தேதியிட்ட அந்த வரிகள்தான் உங்களுக்காகப் பேசும்.

அலுவலகம் மௌனமாக இருப்பதை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் மௌனத்துக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் இல்லை. ஜெர்மனியில் மூன்று மாதமாகியும் தக்க காரணமின்றி முடிவு தரவில்லையென்றால், நிர்வாக நீதிமன்றத்தில் "செயலின்மை வழக்கு" தொடுக்கலாம்; மௌனம் அங்கே அலுவலகத்தின் பிழை. பிரான்ஸில் வசிப்பு அனுமதி விண்ணப்பத்துக்குப் பொதுவாக நான்கு மாதம் பதில் வராவிட்டால் அது மறுக்கப்பட்டதாகவே பொருள். அதை எதிர்த்து நீதிமன்றம் போவதற்கான கெடுவும் அன்றிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். "இன்னும் பரிசீலனையில் இருக்கிறது" என்று நம்பி அந்தக் கெடுவைத் தவறவிட்ட கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. நேர்காணலுக்கு நேரமே கிடைக்காத நிலைமைக்கும் வழி உண்டு. பல முறை முயன்றும், அந்த முயற்சிகள் ஒரே வாரத்துக்குள் அடங்காமல் பரவலாக நடந்திருந்தும் நேரம் கிடைக்கவில்லை என்று காட்டினால், குறித்த காலத்துக்குள் நேரம் ஒதுக்குமாறு நீதிபதி உத்தரவிடலாம் என்று பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2020-இல் சொன்னது. ஆகவே "இடம் இல்லை" என்று திரை காட்டும் ஒவ்வொரு முறையும், தேதியும் மணியும் தெரியும்படி அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். உங்கள் நாடு வேறாக இருந்தாலும் அந்தப் படங்களால் நட்டமில்லை.

இனி பிறப்புச் சான்றிதழ். "செல்லாது" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் குறைந்தது நான்கைந்து காரணங்கள் ஒளிந்திருக்கக்கூடும். என் அனுபவத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அப்போஸ்டில். 1961 அக்டோபர் 5-இல் ஹேக் நகரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஒரு நாட்டு அரசு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்காக ஒட்டப்படும் சான்று அது. பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரக் கட்டம், உள்ளே பத்து எண்ணிட்ட வரிகள், தலைப்பு எந்த நாட்டிலும் பிரெஞ்சில். அது சொல்வது மிகக் குறைவு: கையொப்பம் உண்மையானது, கையொப்பமிட்டவர் அந்தப் பதவியில் இருந்தவர், முத்திரை அந்த அலுவலகத்துடையது. சான்றிதழில் எழுதியிருப்பது உண்மையா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. "அப்போஸ்டில் இருக்கிறதே, பிறகெப்படித் தகவலைச் சந்தேகிக்கலாம்" என்று கவுன்டரில் வாதாடுபவர்கள் தோற்பது இதனால்தான்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. புதிதாக ஒரு நாடு ஒப்பந்தத்தில் சேரும்போது, முன்பே இருக்கும் நாடு எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அப்படிச் செய்தால் அந்த இரண்டு நாடுகளுக்கிடையே மட்டும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வராது. 2005-இல் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி அவ்வாறு எதிர்ப்புத் தெரிவித்தது. ஆகவே "என் நாடும் உறுப்பினர், இந்த நாடும் உறுப்பினர்" என்பது மட்டும் போதாது. இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கும் ஹேக் மாநாடு என்ற அமைப்பின் இணையதளத்தில் இரு நாடுகளுக்கும் இடையே அது செயல்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சீனாவுக்கு 2023 நவம்பரிலும் கனடாவுக்கு 2024 ஜனவரியிலும்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், பழைய அறிவுரைகளை நம்பித் தூதரகம் தூதரகமாக அலைபவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பொறி, தூதரகமே வழங்கிய சான்றிதழ். தூதரக அதிகாரிகள் வழங்கும் ஆவணங்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. உங்கள் பிறப்புச் சான்றிதழ் தூதரகத்தில் வாங்கியதாக இருந்தால், பிறப்பைப் பதிவுசெய்த அலுவலகத்திலிருந்து புதிய பிரதி வரவழைப்பதுதான் வழி.

அப்போஸ்டில் சரியாக இருந்தும் திருப்பினார்கள் என்றால், சான்றிதழில் பெற்றோர் பெயர் இல்லாத சுருக்கப் படிவமா, பிரதி எடுத்த தேதி மிகப் பழையதா, மொழிபெயர்த்தவர் அந்த நாட்டில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரா என்று பாருங்கள். அப்போஸ்டிலுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் கீழே உள்ள சான்றிதழ் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக, ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று வாங்கும் அலுவலகம் கேட்கலாம். வரிசையும் முக்கியம்: முதலில் அப்போஸ்டில், பிறகு மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் அப்போஸ்டிலின் பத்து வரிகளும் மொழிபெயர்ப்பில் இல்லாமல் போய், மறுபடி காசு செலவாகும். பிறந்து பல ஆண்டுகள் கழித்துப் பதிவான சான்றிதழாக இருந்தால் அலுவலர் ஐயப்படுவார். அப்போது பள்ளிச் சான்றிதழ் போன்ற பழைய ஆவணம் ஒன்றைக் கூடவே வைப்பது உதவும், இருந்தாலும் அதை ஏற்பதும் ஏற்காததும் அவர் கையில்தான்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வெளிநாடு வந்த புதிதில் என் திருமணச் சான்றிதழை நகலெடுக்கும்போது, தாள் நேராக விழவில்லை என்று அப்போஸ்டிலோடு சேர்த்திருந்த ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றினேன். நகல் எடுத்த பிறகு கவனமாகத்தான் மறுபடி பின் அடித்தேன். கவுன்டரில் இருந்த பெண்மணி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு துளை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு துளைகள். ஒன்றும் பேசாமல் உறையில் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார். புதிதாக அப்போஸ்டில் வாங்கி வரவழைக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் புதியவர்களுக்கு நான் முதலில் கற்றுத் தருவது, பின்னைக் கழற்றாமல் தாளை மடக்கி ஸ்கேன் செய்வதைத்தான்.

பெயர் விஷயத்தில் நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அட்டை வந்த பிறகு தலைவலி அங்கிருந்துதான் தொடங்கும். கடவுச்சீட்டின் அடியில் கணினி படிப்பதற்காக இருக்கும் இரண்டு வரிகளில், ஒவ்வொன்றும் 44 எழுத்து கொண்டது, பெயருக்கு 39 இடம் உண்டு. அட்டை அளவு ஆவணங்களில் 30 எழுத்துகள் கொண்ட மூன்று வரிகள். பெயர் முழுதும் மூன்றாம் வரியில் அடங்க வேண்டும். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி அது. கடவுச்சீட்டில் முழுதாக இருந்த நீண்ட பெயர் அட்டையில் வெட்டுப்பட்டு வருவது பிழையன்று, ஆனால் வங்கிக் கணினிக்கு அது புரியாது. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத, ஒற்றைப் பெயர் கொண்டவர்கள் பாடு இன்னும் கடினம். அமெரிக்க விசாவில் முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கமான எஃப்.என்.யூ. என்று அச்சடிப்பார்கள், பிறகு காத்திருப்போர் அறையில் அதையே பெயரென்று நினைத்துக் கூப்பிடுவார்கள். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், விண்ணப்பம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், அலுவலர் கண்டுபிடிக்கும் வரை காத்திராமல், இரண்டு பெயர்களுக்கும் உரியவர் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நீங்களே முன்வையுங்கள். கடவுச்சீட்டின் காலாவதியையும் பாருங்கள். பல நாடுகள் அதற்கு அப்பால் வசிப்பு அனுமதி தருவதில்லை என்பதால், எட்டு மாதமே மீதமிருக்கும் கடவுச்சீட்டோடு போனால் எட்டு மாத அட்டைதான் கையில் கிடைக்கும்.

முகவர் கதைக்கு நீண்ட பதில் தேவையில்லை. வரிசையில் உங்கள் கோப்பை முன்னால் தள்ளும் அதிகாரம் வெளியாள் எவருக்கும் இல்லை. அப்படித் தள்ளுபவர் இருந்தால் அது நீங்கள் பெயர் சேர்த்துக்கொள்ள விரும்பும் குற்றமாக இருக்காது. கோப்பைச் சரிபார்த்துத் தரும் நேர்மையான ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அவர்கள் பதிவுபெற்றிருக்க வேண்டும், அந்தப் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். அதில் பெயர் இல்லாதவரிடம் அசல் ஆவணம் எதையும், கடவுச்சீட்டை முக்கியமாக, கொடுத்துவிட்டு வராதீர்கள். எழுத்து மூலம் மறுப்பு வந்தாலோ, முன்பு எப்போதாவது விசா மீறல் இருந்தாலோ முகவரிடமும் என்னைப் போன்றவரிடமும் போகாமல் நேரே வழக்கறிஞரிடம் போங்கள். அங்கே ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு உண்டு.

கடைசியாகத் தங்கையின் திருமணம். இதைச் சொல்ல எனக்கே மனமில்லை. இடைக்கால அனுமதி உள்ளே தங்குவதற்கு மட்டுமா, போய்த் திரும்பி வருவதற்கும் செல்லுமா என்பதில்தான் நாடுகள் மிகவும் மாறுபடுகின்றன. ஜெர்மனியில் பழைய அனுமதி தொடர்வதாகக் குறித்த தாள் இருந்தால் கடவுச்சீட்டோடு போய்த் திரும்பலாம். அதே தாளில் வேறு கட்டத்தில் குறியிட்டிருந்தால் முடியாது. பிரிட்டனில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போனால் அது திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். ஆஸ்திரேலியாவில் பிரிட்ஜிங் விசா "ஏ" திரும்பி வர உதவாது, போவதற்கு முன் "பி" வாங்க வேண்டும். கனடாவிலோ வெளியே போய் வந்தால், பழைய வேலை அனுமதியின் பேரில் தொடர்ந்து வேலை செய்யும் உரிமை போய்விடும். ஆகவே இந்த வாரம் நீங்கள் எழுதப்போகும் அந்த மூன்று வரிக் கடிதத்தில் நான்காவதாக ஒரு வரி சேருங்கள்: நிலுவைக் காலத்தில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நாட்டை விட்டுச் சென்று திரும்ப எனக்கு அனுமதி உண்டா, இல்லையெனில் அதற்குத் தனியே எப்படி விண்ணப்பிப்பது. திருமண அழைப்பிதழின் நகலை மொழிபெயர்ப்போடு இணையுங்கள். நெருங்கிய உறவினரின் திருமணம், மரணம் போன்றவற்றுக்கு அவசர நேரம் ஒதுக்கும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன், மறுத்த அலுவலகங்களையும் பார்த்திருக்கிறேன். எழுத்தில் பதில் கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத விமானச் சீட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.